கண்ணாடிக் கடையின் மாடிப்படி

போன மாதம், முன்பு நான் வேலை பார்த்த புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்தில் ஒரு நாளாவது அங்கே போகாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, இருபது வயதுகூட இராது, இரண்டு கையிலும் புத்தகக் கட்டோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறியபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், இந்தப் படியளுக்குப் பின்னாலை ஏன் பிரம்பு பின்னியிருக்கு? வடிவுக்கோ?" என்று கேட்டாள். ஓம், வடிவுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான், சொன்னது பொய்யென்று மனம் உறுத்தியது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக அந்தக் கட்டடம் எழும்பியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். நடுவில் இது வெள்ளை வெளேரென்று நின்றது. கூரை தட்டையாக இருந்தது. மூலையில் முகப்பு வளைந்து திரும்பியது. வளைவு முழுக்கக் கண்ணாடி. மேல்மாடி வீதிப் பக்கமாக ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டு நிற்க, அதைத் தாங்க ஒரு தூண்கூட இல்லை. அதைப் பார்த்து வெள்ளவத்தையே பயந்தது. மழை கொட்டினாலும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் கீழ் ஒதுங்கமாட்டார்கள். ரெயில்வேயில் கிளார்க்காக இருந்த என் அப்பாவும் அப்படித்தான். "இண்டைக்கில்லாட்டி நாளைக்கு விழும்" என்று சொல்லிக்கொண்டு, கட்டடத்தைப் பார்த்தபடியே நனைந்துகொண்டு நிற்பார். ஒரு மழைக்காலம் முழுக்க ஊரே நனைந்தது. அடுத்த மழைக்கு ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகு பஸ் கொண்டக்டர்களே "கண்ணாடிக் கடை இறக்கம்" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள். கடைக்கு வேறொரு நல்ல பெயர் இருந்தது. பெரிய எழுத்தில் போர்டிலும் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

முதல் தடவை உள்ளே போன நாளை மறக்கமாட்டேன். அப்பாவோடு பேனா மை வாங்கப் போனேன். மை வாங்கியது நினைவில்லை. மண்டபத்தின் நடுவில் மாடிப்படி ஒன்று வளைந்து வளைந்து மேலே போயிற்று. படிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகை. இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். படிக்கும் படிக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை, வெறும் இடைவெளி. மேற்குப் பக்கத்து வெயில் மேல்மாடிக் கண்ணாடியால் நுழைந்து, அந்த இடைவெளிகளால் இறங்கி, கீழே தரையில் கோடு கோடாகக் கிடந்தது. எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. கோயிலுக்குள்தான் அப்படிச் சிலிர்க்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கடையில் நின்ற ஆண்கள் இராணுவ ஸ்டோர்களுக்கும் துறைமுகத்துக்கும் கூடிய சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத குறைக்குத்தான் என்னை எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். கடையில் நிற்கும் பெண்ணை யார் கட்டுவான் என்று கேட்டார்கள். அப்பா மட்டும், "அந்தக் கட்டடமே விழேல்லை. இவளோ விழப்போறாள்" என்றார்.

மனேஜர் சவிரிமுத்து ஐயா கொட்டாஞ்சேனையில் இருந்து வருவார். முன்பு அச்சகமொன்றில் புரூப் பார்த்தவர். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, தடித்த கண்ணாடி. குரலை உயர்த்தியதே இல்லை. பிழை செய்தால் அருகில் வந்து, அதே வேலையை ஒரு சொல்லும் பேசாமல் தானே செய்து காட்டிவிட்டுப் போவார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இராது.

மதராசில் இருந்து பார்சல் வந்தால் கயிற்றை வெட்டக் கூடாது, முடிச்சை அவிழ்க்க வேண்டும். யுத்தகாலத்தில் கயிறும் தங்கம்தான். புதுப் புத்தகத்தை எடுத்தவுடன் விரிக்கக் கூடாது. முதுகை மேசையில் நிறுத்தி, முன் அட்டையைச் சாய்த்து, பின் அட்டையைச் சாய்த்து, முன்னால் நாலு தாள், பின்னால் நாலு தாள் என்று உள்ளங்கையால் தடவித் தடவி நடுவுக்கு வர வேண்டும். அப்படித் திறந்த புத்தகத்துக்கு முதுகு உடையாது. பிறகு மூக்கருகே பிடித்துப் பார்க்க வேண்டும். கடல் காற்று ஏறியிருந்தால் வாசனை சொல்லிவிடும். மூன்று மணிக்கு மேற்குத் திரைகளை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டைகள் வெளிறிவிடும். வாங்க வந்தவரிடம் புத்தகத்தை நீட்டும்போது தலைப்பு அவரைப் பார்த்திருக்க வேண்டும். கை தவறிப் புத்தகம் கீழே விழுந்தால், கடையில் எத்தனை பேர் நின்றாலும், எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும். ஐயா சிலுவை போட்டுக்கொள்ளும் கத்தோலிக்கர். அவரும் கண்ணில் ஒற்றித்தான் வைப்பார்.

கீழே ஆங்கிலமும் சிங்களமும். மேலே முழுக்கத் தமிழ். அந்த மேல்மாடிதான் என் பொறுப்பு. ஒரு தூண் இல்லாமல் ஒரே பரப்பாக விரிந்த தளம். ஜன்னலுக்கு அப்பால் ஓட்டுக் கூரைகள், தென்னைகள், ரெயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு அங்கே வாசிப்புக் கூட்டம் நடக்கும். ஹெந்தளையில் இருந்துகூட ஆள் வரும். ஒருவர் தான் எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள், பிறகு எல்லாருமாகத் தேத்தண்ணீர் குடிப்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நான் வாய் பிளந்து நின்ற நாட்கள் உண்டு. இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாதென்று இருட்டடிப்புச் சட்டம் இருந்ததால் பொழுது படமுன் கலைந்துவிடுவார்கள். முப்பது பேர் வருவார்கள். முப்பது பேரும் ஆண்கள்.

ஆனால் அந்த ஆண்கள் பேசுவார்களே தவிர, தமிழ்ப் புத்தகம் வாங்கமாட்டார்கள். வீட்டில் கதைப் புத்தகம் வாசிப்பவர்கள் பெண்கள். அவர்கள் மாடி ஏறுவதில்லை. புருஷனிடம் துண்டு எழுதி அனுப்புவார்கள். அவர் துண்டைத் தொலைத்துவிட்டு, சமையல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த ஊரான பாமன்கடையில் இருந்த செல்லம் ரீச்சர் மட்டும் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குள் வந்து, முதல் படியடியில் நின்றுகொண்டு, "கனகம், நல்ல கதைப் புத்தகமாப் பாத்து ஒண்டு எடுத்துக்கொண்டு வாருமன்" என்று கூப்பிடுவா. நான் எடுத்துக் கொடுப்பதுதான் அவவுக்குப் புத்தகம். ஊரில் நூறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மனிசி, ஒரு புத்தகத்தைத் தானே தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்ததில்லை.

ஏன் ஏறுவதில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

மாடிப்படிக்கு நேர் கீழே, அதன் வளைவுக்கு ஏற்பக் கட்டிய மேசையொன்று இருந்தது. அதில்தான் அன்றன்றைய பத்திரிகைகளை விரித்து வைப்போம். மேலே காற்றாடி. யுத்தச் செய்தி வாசிக்கக் கடை திறந்ததில் இருந்து ஆண்கள் அங்கே நிற்பார்கள். தலையை நிமிர்த்தினால் படிகளின் இடைவெளி. சேலையோ பாவாடையோ கட்டிக்கொண்டு அந்தப் படியில் எந்தப் பெண் ஏறுவாள்?

நான் ஏறினேன். கடை திறக்கமுன், ஏழரை மணிக்கே வந்து ஏறிவிடுவேன். மத்தியானச் சாப்பாட்டை மேலேயே கொண்டுபோய்விடுவேன். பத்திரிகை மேசை வெறுமையாகும் நேரத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அப்போதுதான் இறங்குவேன். தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தேன். இப்படி எட்டு மாதம். ஐயா ஒரு நாள் கவலையோடு, "பிள்ளை, பொம்பிளையள் ஏன் மேலை வருகினமில்லை?" என்று கேட்டபோது, "தெரியேல்லை ஐயா" என்றேன். ஒரு ஆணிடம், அதுவும் அவரிடம், அதை எந்த வாயால் சொல்வது? அவர் பாவம், பெண்களுக்கென்று மேலே ஒரு சோபா வாங்கிப் போட்டார். அதில் நான்தான் இருந்தேன்.

முதலாளி ஹாஜியாருக்குப் புறக்கோட்டையில் கடதாசி மொத்த வியாபாரம். ஆசைப்பட்டு இந்தக் கட்டடத்தைக் கட்டியவர். ஒரு நாள் வந்து மேல்மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மகள், மேல காத்துதான் ஈக்கிது, ஆளில்ல. இன்சூரன்ஸ் கொம்பனிக்காரன் இந்த மாடிய வாடகைக்குக் கேக்கான். தீபாவளி வரைக்கும் பாப்பம். பொம்புளயள் வந்து வாங்கினா புத்தகம். இல்லாட்டி அவனுக்குக் குடுத்துருவன்" என்றார். கோபமில்லை அவருக்கு. அது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கம்பனிக்காரர்கள் அளவு நாடாவோடு வந்தார்கள். எங்கே எங்கே பலகைத் தடுப்பு வரும் என்று தரையில் சோக்கால் கோடு போட்டார்கள். ஒரு கோடு ஜன்னலுக்குக் குறுக்காகப் போய், கடலை இரண்டாக வெட்டியது. ஒரு கோடு கூட்டம் நடக்கும் இடத்துக்கு நடுவால் போனது. என் மேசை இருந்த இடத்தில் கக்கூஸ் வரும் என்றார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றேன். எனக்கு வேலை போவது ஒரு பக்கம். இப்படி ஒரு இடத்தைக் கோழிக்கூடாக்க, என் வாய் மூடியிருந்தது காரணமாகிவிடும் என்பது மறுபக்கம்.

மறுநாள் கடை திறக்கமுன் ஐயாவைக் கூப்பிட்டேன். "ஐயா, பேப்பர் மேசையடியிலை ஒருக்கா வந்து நில்லுங்கோ. நான் ஏறிறன். நீங்கள் நிமிந்து பாருங்கோ."

ஏதோ படி ஆடுகிறதென்று நினைத்திருப்பார். வந்து நின்றார். நான் ஏறினேன். நாலாவது படியில் கால் வைத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "போதும் பிள்ளை. இறங்குங்கோ."

இறங்கி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"எட்டு மாசமாவோ?"

"ஓம் ஐயா."

"நான் தினமும் இதிலை நிண்டுதானே பேப்பர் அடுக்கிறனான்."

"அந்த நேரம் நான் ஏறிறதில்லை ஐயா."

அன்றிலிருந்து எந்தப் பெண் படியருகே போனாலும் ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கடையை விட்டுப் போகும் நாள்வரை அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட்டுக்கு ஆள் அனுப்பினோம். லண்டனில் படித்த பறங்கியர். ஆறடிக்கு மேல் உயரம். ஐயா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவருடைய முகம் சிவந்துகொண்டே போனது. போய்ப் பத்திரிகை மேசையடியில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தார். பலகை அடித்து மறைப்போம் என்று ஐயா கேட்டதும் பதறிவிட்டார். பலகை அடித்தால் மண்டபத்தின் நடுவில் வெளிச்சமே இராது, அதைவிடப் படியை இடித்துவிடுங்கள் என்றார். உண்மைதான். அந்தக் கோடு கோடான வெயிலை இழக்க எனக்கும் மனமில்லை.

இரண்டு மணித்தியாலம் படியில் உட்கார்ந்து படம் கீறினார். பிறகு எழுந்து காட்டினார். படிக்குப் படி இருக்கும் இடைவெளியில் ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் நாலு புத்தகம், ஏறுபவரைப் பார்த்தபடி, கொஞ்சம் இடம் விட்டு விட்டு. வெளிச்சமும் வரும், மறைவும் கிடைக்கும், படிக்கட்டே புத்தகத்தால் கட்டியது போல நிற்கும். படத்தைப் பார்த்து நாங்கள் சொக்கிப்போனோம். தச்சர் நாலு நாளில் தட்டுகளை அடித்து முடித்தார். நானும் ஐயாவும் நல்ல அட்டைகளாகப் பொறுக்கி, மேல்படியில் இருந்து கீழ்நோக்கி அடுக்கிக்கொண்டு வந்தோம். அடுக்கிய படியில் பிறகு யாரும் கால் வைக்கவில்லை. கீழே வந்து நின்று பார்த்தபோது, அட்டைகள் நிறம் நிறமாக வளைந்து மேலே போயின. ஐயாவின் கண் கலங்கியிருந்தது. கொழும்பில் இப்படி ஒன்று எங்கேயும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை. ஹாஜியார் வந்திருந்தார். செல்லம் ரீச்சர் தன்னோடு படிப்பிக்கும் ரீச்சர்மாரையும் அயல் வீட்டுப் பெண்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தா. முதலில் நான் ஏறிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தேன். பெருவிரல் ஒரு புத்தகத்தில் முட்டியது.

யோசிக்கவே இல்லை. குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டாவது படியில் மற்றக் கால் முட்டியது. அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கியபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது மண்டையில் உறைத்தது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ர அம்மாளாச்சி, சரஸ்வதியை மிதிச்சுக்கொண்டோ ஏறச் சொல்லுறியள்?" என்றா செல்லம் ரீச்சர். பன்னிரண்டு பேரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஹாஜியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மகள், புத்தகத்துல கால் படுற எடத்துல நானும் ஏறமாட்டன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "தீபாவளிக்கு இன்னம் ஒம்பது நாள் ஈக்கிது."

விழுந்த புத்தகத்தைக் கண்ணில் ஒற்றச் சொல்லித் தந்த மனிதரும், ஒற்றப் பழகிய நானும் சேர்ந்து, எங்கள் கையாலேயே அவற்றைக் காலடியில் அடுக்கியிருந்தோம். ஐயா தரையில் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கோட்டுக் கையால் துடைத்தார், கண்ணில் ஒற்றினார், என்னிடம் நீட்டினார். கடைசிப் புத்தகம்வரை அப்படியே. அப்போதும் தலைப்பு என்னைப் பார்த்தபடிதான் நீட்டினார்.

திங்கட்கிழமை மூன்று மணி. திரையை இழுக்கப் போனவள் அப்படியே நின்றேன். ஐயா கணக்குக்கு வந்தால் இருப்பதற்கென்று ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. வெயில் அதன் முதுகால் நுழைந்து, தரையில் புள்ளி புள்ளியாக, அரிசி சிந்தியது போல விழுந்திருந்தது. நான் நாற்காலிக்குப் பின்னால் குந்தி இருந்து பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் என் கையைப் பிடித்துப் பார்த்தேன். நிழலாட்டமாக மட்டும் தெரிந்தது. நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பத்திரிகை வாசிப்பவர்கள் நிற்க நிற்க, பட்டப்பகலில் படியால் இறங்கி ஐயாவிடம் ஓடினேன். எட்டு மாதத்தில் அப்படி இறங்கியது அதுதான் முதல் தடவை. யார் நிமிர்ந்து பார்த்தார்களோ தெரியாது.

பாமன்கடையில் நாற்காலி பின்னும் சிங்களவர் ஒருவர் இருந்தார். அவரைக் கடைக்குக் கூட்டி வந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரியென்று தலையாட்டி, "ஹரி, மிஸ்" என்றார். ஒற்றைப் பின்னலில் நிழல் தெரியும் என்று அவராகவே இரட்டைப் பின்னலாகப் போட்டார். தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இருபத்திரண்டு இடைவெளிக்கும் இருபத்திரண்டு சட்டம். மனைவியும் மகளும் கூட இருந்து பின்னினார்கள். தீபாவளிக்கு முதல் நாள் கடைசிச் சட்டம் ஏறியது.

அன்று மாலை ஆர்க்கிடெக்ட் வந்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்து நின்றோம். மேற்கு வெயில் படிகளால் இறங்கியது. முன்பு கோடாக விழுந்தது, இப்போது மண்டபம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவருடைய வெள்ளைக் கோட்டிலும் விழுந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெயில் போகும்வரை அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்து கை கொடுத்தார். ஒரு ஆண் எனக்குக் கை கொடுத்தது அதுவே முதல் தடவை.

தீபாவளியன்று செல்லம் ரீச்சர் வந்தா. பழையபடி பன்னிரண்டு பேர், இன்னும் நாலு பேர் கூட. முதலில் ரீச்சர் படியின் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தா. பிறகு காலால் பிரம்பை மெல்லத் தட்டிப் பார்த்தா. ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரிகை மேசையில் ஆண்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. ரீச்சர் ஏறத் தொடங்கினா. பின்னால் மற்றவர்கள். அத்தனை சேலைகளும் சரசரத்து ஏறும் சத்தத்தை அந்தக் கட்டடம் அன்றுதான் கேட்டது. ஹாஜியார் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தவர், எண்ணுவதை விட்டுவிட்டு, "அந்தக் கொம்பனிக்காரனுக்கு நாளைக்கே சொல்லியனுப்புங்க, எடமில்லையெண்டு" என்றார்.

நான் மேலே நின்றேன். ரீச்சர் மூச்சு வாங்கக் கடைசிப் படியில் ஏறி நிமிர்ந்தா. தூணில்லாத தளம், தட்டுத் தட்டாகப் புத்தகங்கள், சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் வெயிலில் கொதிக்கும் கடல். சோக்குக் கோடுகள் இன்னும் முழுக்க அழியாமல் கிடந்தன. ரீச்சர் சுற்றிவர ஒவ்வொன்றாகப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"இவ்வளவு நாளும் இதையோ கனகம் நீ எங்களுக்குக் காட்டாமல் வைச்சிருந்தனீ?"

வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல எட்டு மாதம் எடுத்தவள் நான். ஜன்னலடிச் சோபாவைக் காட்டி இருக்கச் சொன்னேன். ரீச்சர் இருக்கவில்லை. நேரே தட்டுக்குப் போய், தன் கையாலேயே ஒரு புத்தகத்தை உருவி எடுத்தா.